இடது வளைவில் பின்சக்கரம்

போன மாதம் பட்டறைக்குப் போயிருந்தேன். ரிட்டையர் ஆனவனுக்கு அங்கே என்ன வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்தால் தெருவில் போகிற வண்டிகளின் பின்பக்கச் சத்தம்தான் காதில் விழுகிறது. எதிர்வீட்டு வேனில் வலது பக்க ஸ்பிரிங் பட்டையின் முனையில் இருக்கிற ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னேன். “பாக்கறேனுங்க” என்றார். பார்க்கவில்லை. தினமும் காலையில் அது முனகிக்கொண்டே போகிறது, எனக்குக் காப்பி இறங்குவதில்லை. அதனால் கிளம்பிப் போனேன்.

அங்கே பசங்க ஆட்டோகிராஸ் பந்தயத்துக்கு ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார்கள். பின் ஆக்சிலில் சின்னச் சின்னப் பெட்டிகளை மாட்டி, அதிலிருந்து வருகிற கோடுகளை செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கரம் எவ்வளவு ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று எல்லாம் அதில் தெரிகிறது. எனக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. அதில் ஒருத்தன் கேட்டான், “அந்தக் காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படீங்ண்ணா கண்டுபுடிச்சீங்க?”

அந்தக் காலமாம்! அப்போதும் எங்கள் எல்லோர் கையிலும் செல்போன் இருந்தது. நான் கிளம்பி பஸ் ஏறிவிட்டேன். வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி குடைந்தது. எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை எழுதிவிட்டால் தூக்கம் வருமோ என்னவோ. எழுதிப் பார்க்கிறேன்.

என் பெயர் மாரப்பன். நாமக்கல் பைபாஸில் லாரிக்கும் போர் போடுகிற ரிக் வண்டிக்கும் பின்பக்க வேலை பார்க்கிற பட்டறையில் ஆயுசு முழுக்க இருந்தேன். பத்தாவதில் கணக்கில் போனதும் அப்பா கொண்டுவந்து விட்டார். முதலில் நட்டு கழுவினேன், அப்புறம் பட்டை அடுக்கினேன், அப்புறம் வெல்டிங் பழகினேன். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கையில் தழும்பு இருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டறை முதலாளி அர்த்தநாரி. நாங்கள் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். பட்டறையில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சோற்றையே நின்றுகொண்டுதான் சாப்பிடுவார், கையில் தட்டோடு வண்டியைச் சுற்றி நடந்துகொண்டே. ஞாயிற்றுக்கிழமையானால் என்னையும் ஏற்றிக்கொண்டு சேலம் தாண்டிக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போய்விடுவார். மலைப்பாதை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அங்கே நின்று, ஏற்காட்டிலிருந்து இறங்கி வருகிற பஸ்களின் முதுகையே பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் வண்டியின் முகத்தைப் பார்ப்பார்கள், இவர் பின்னால் மட்டும்தான். “முன்சக்கரம் நாம சொல்றதக் கேக்கும். பின்சக்கரம் என்ன நெனைக்குதுன்னு நாமதான் கேட்டுத் தெரிஞ்சுக்கோணும்” என்பார்.

அவர் பேச்சு அதிகம் இல்லாதவர். வண்டியைச் சரிசெய்வதில் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாற்று, ஓட்டு, பார். அவசரத்தில் யாராவது டயர் காற்றையும் குறைத்து ஷாக் அப்சார்பரையும் இறுக்கிவிட்டால், இரண்டையும் பழையபடி வைக்கச் சொல்லிவிட்டு வெளியே போய் நிற்பார். திட்ட மாட்டார். அவர் திட்டாமல் வெளியே நிற்பதைத்தான் எங்களால் தாங்க முடியாது.

ஆட்டோகிராஸ் பைத்தியம் அவருக்கு எப்போது பிடித்தது என்று தெரியாது. அந்தப் பந்தயத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மைதானத்தில் கூம்புகளை வைத்துப் பாதை போட்டிருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். கூம்பைத் தட்டாமல் யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்பதுதான் போட்டி. எங்கள் பக்கம் மண் தரை, அதனால் பிடிப்பு கிடைப்பதே பெரும் பாடு. மேஸ்திரி ஒரு பழைய காரின் அடிப்பாகத்தை வாங்கி, மேலே குழாய்களை வளைத்துக் கூண்டு கட்டி, பின்சக்கரத்துக்கு இன்ஜின் ஓட்டம் போகிற மாதிரி ஒரு வண்டி செய்தார். லாரி வேலை முடிந்த இடைவெளிகளில் நானும் அவரும் செய்தது. பார்க்கக் கோழிக்கூண்டு மாதிரி இருக்கும்.

ஓட்டுவதற்கு ஆள் கிடைத்தது தற்செயல். எருமப்பட்டியில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் வீட்டுப் பெண் கோகிலா. முட்டை வேனை அவள்தான் ஓட்டுவாள். ஒரு நாள் வேனைக் கொண்டுவந்து நிறுத்தி, “பின்னாடி என்னமோ தப்பா இருக்குதுங்ண்ணா” என்றாள்.

“என்ன தப்பு?” என்று கேட்டார் மேஸ்திரி.

“வளைவுல திரும்பி முடிச்ச பொறகு இன்னொருக்கா திரும்புது.”

மேஸ்திரி வேனுக்கு அடியில் போய்ப் பார்த்தார். பட்டையை ஆக்சிலோடு இறுக்குகிற போல்ட் ஒன்று தளர்ந்திருந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். “முட்டை ஒடஞ்சுதா?”

“என்ற வண்டில முட்டை ஒடையாதுங்க.”

அந்த வாரமே மண் மைதானத்தில் எங்கள் கோழிக்கூண்டை ஓட்டக் கொடுத்தார். பட்டறைப் பயல்கள் எல்லாம் ஆக்சிலேட்டரை மிதித்துப் புழுதி கிளப்பிய இடத்தில் அவள் புழுதியே கிளப்பாமல் போனாள். திரும்பி வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் மேஸ்திரி டயர்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். வண்டி எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. அதை யாரிடமும் கேட்க மாட்டார். “எந்த எடத்துல பயந்த?” என்றார்.

அவள் யோசித்தாள். “சோத்தாங்கைப் பக்கம் திரும்பி வெளிய வரும்போதுங்க. உள்பக்கச் சக்கரம் சும்மா சுத்துது. வண்டி என்னைய உட்டுட்டுப் போற மாதிரி இருக்குது.”

அதிலிருந்துதான் எங்கள் வேலை தொடங்கியது.

வலது வளைவில் வெளியேறும்போது வலது பின்சக்கரம் பிடிப்பில்லாமல் சுழன்றது. ஸ்பிரிங்கை இறுக்கினோம், இன்னும் மோசமானது. இளக்கினோம், கொஞ்சம் தேவலை. டயர் காற்றை இறக்கிப் பார்த்தோம். மேஸ்திரிக்கு நிம்மதி இல்லை. நாலு சக்கரத்திலும் எவ்வளவு எடை நிற்கிறது என்று தெரிந்தாக வேண்டும் என்றார். எங்களிடம் ஏது தராசு? சேலம் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் மூட்டை எடை போடும் பெரிய தராசுகள் இருந்தன. ஆலைக்காரருடைய லாரி எங்களிடம்தான் வரும். காரை அங்கே கொண்டுபோய் சக்கரத்துக்கு ஒரு தராசாக நிறுத்தினோம். கோகிலாவும் ஹெல்மெட்டோடு உள்ளே உட்கார வேண்டும், அவள் எடையும் சேர்ந்துதானே வண்டி ஓடப்போகிறது. கிழங்கு உரிக்கிற பொம்பளைகள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

“ஏனுங்ண்ணா, என்னைய எடை போடறதுக்கா இத்தனை தூரம் கூட்டியாந்தீங்க?” என்றாள் கோகிலா. ஆலையே சிரித்தது. மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓட்டுகிறவள் வலது பக்கம் உட்கார்ந்தும் வலது பின்சக்கரத்தில்தான் எடை குறைவாக இருந்தது. பழைய அடிப்பாகம் லேசாக முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. வலது பின் ஸ்பிரிங்கின் அடித்தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி உயர்த்தினோம். எடை பரவியது. அது பாதிப் பிரச்சினையைத்தான் தீர்த்தது.

மீதிக்கு மேஸ்திரி ஒரு வழி கண்டுபிடித்தார். பின் ஆக்சிலை வண்டியோடு பிடித்துக்கொண்டிருப்பவை நாலு ராடுகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழ் ராடின் பின்முனை ஆக்சிலில் எந்த உயரத்தில் மாட்டப்பட்டிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான், ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது சக்கரம் மண்ணை அழுத்துமா, நழுவுமா என்பது அமையும். அவர் கனமான தகட்டில் இரண்டு பிராக்கெட் வெட்டினார். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாகத் துளைகள். ஆக்சிலின் அடியில் தன் கையாலேயே ஒட்டினார். எங்கள் வட்டாரத்தில் அவர் வெல்டிங்கைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். மீன் செதில் மாதிரி வரிசையாக இருக்கும். அதன்மேல் மண் அடித்துத் துருப்பிடிக்காமல் இருக்க, ரப்பர் மாதிரி இழுபடும் கறுப்புப் பூச்சைத் தடவினோம்.

ராடை ஒவ்வொரு துளையாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்தோம். கடைசித் துளையில் வண்டி மண்ணைக் கவ்வியது. அதைப் பார்த்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோகிலா இறங்கி வந்து, “எங்கியும் பயப்படலீங்ண்ணா” என்றாள். மேஸ்திரிக்கு அதுவும் பிடிக்கவில்லை. “எங்கியுமே பயப்படலைன்னா நீ முழுசா ஓட்டலைன்னு அர்த்தம்” என்று சொல்லிவிட்டு மறுபடி வண்டியைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்.

அந்தப் பருவத்தில் அவள் இரண்டு மூன்று இடங்களில் ஜெயித்தாள். அடுத்தது ஓமலூருக்குப் பக்கத்தில் ஒரு மேட்டு நிலத்தில் நடந்தது.

அங்கே பாதையில் ஒரு நீண்ட நேர்ச் சாலை, அதன் முடிவில் சட்டென்று இடது வளைவு. வளைவுக்கு வெளியே பழைய டயர்களை அடுக்கித் தடுப்பு. தடுப்புக்குப் பின்னால், கூம்பு விழுந்தால் காட்டுவதற்குக் கொடி பிடித்துக்கொண்டு முருகேசன் நின்றிருந்தான். அவன் ஓமலூரில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்ப்பவன். கார் பிடிக்கும் என்பதற்காக ஒவ்வொரு போட்டிக்கும் தானாக வந்து கொடி பிடிப்பான்.

கோகிலா நேர்ச் சாலையில் வேகமாக வந்தாள். பிரேக் விளக்கு எரிந்தது. அடுத்த கணம் வண்டியின் பின்பக்கம் வெளியே பாய்ந்து வண்டி அப்படியே சுழன்றது. பின்பக்கமாகவே சறுக்கிக்கொண்டு போய் டயர் அடுக்கில் மோதியது. டயர்கள் பறந்தன. புழுதி அடங்கியபோது முருகேசன் தரையில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கக் கூடாத கோணத்தில் இருந்தது.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பினோம். கோகிலா காரைவிட்டு இறங்கவே இல்லை. ஸ்டீரிங்கைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. நான் ஒவ்வொரு விரலாக எடுத்துவிட வேண்டியிருந்தது.

யாரோ கேட்டார்கள், “வளைவுல ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தயா?”

“எடுத்தேன்” என்றாள்.

அதோடு முடிந்தது. வளைவில் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுற்றிவிடும் என்பது அந்த மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ‘பொம்பளைப் புள்ள, பயந்துட்டா’ என்று பேசிக்கொண்டார்கள். அவளுடைய அப்பா வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அதன் பிறகு அவள் முட்டை வேனையும் தொடவில்லை என்று கேள்விப்பட்டோம். தம்பி ஓட்டுகிறானாம்.

நானும் அவள் காலை எடுத்ததுதான் காரணம் என்று நினைத்தேன். மேஸ்திரி வண்டியைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தார்.

காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, ஆள் இறங்கி அடிப்பாகம் பார்க்கிற குழியின் மேல் நிறுத்தினோம். அதன் பிறகு அந்தப் பட்டறையில் யாருக்கும் நிம்மதி இல்லை. லாரிக்காரர்கள் வந்து காத்துக்கிடந்தார்கள். மேஸ்திரி குழிக்குள்ளேயே இருந்தார். ஷாக் அப்சார்பரைக் கழற்றி எண்ணெய் பார்த்தார், சரியாக இருந்தது. ஸ்பிரிங், புஷ், பேரிங் எல்லாவற்றையும் பார்த்தார், எல்லாம் சரி. பிரேக் ஒரு பக்கம் பிடிக்கிறதா என்று பார்த்தார், இரண்டும் ஒரே மாதிரி. மறுபடி ஆலைக்குக் கொண்டுபோய் எடை போட்டோம், நாங்கள் வைத்தபடியே இருந்தது. யாரோ செல்போனில் எடுத்திருந்த படத்தை வாங்கி மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்த்தார். பின்னால் புழுதி, ஒன்றும் தெரியவில்லை. மைதானத்தில் என்னை ஓட்டச் சொல்லி அதே மாதிரி இடது வளைவு வைத்துப் பார்த்தார். எனக்கு அவள் வேகம் வராது. வண்டி ஒழுங்காகத் திரும்பியது.

“மேஸ்திரி, போதுங்க. புள்ள காலை எடுத்துட்டா. அவளே சொல்லீட்டாளே” என்றேன்.

“காலை எடுத்தா வால் ஆடும். இப்படித் தூக்கி எறியாது” என்றார். “முட்டை ஏத்திட்டு நெடுஞ்சாலையில பிரேக் போடற புள்ள அவ. அவளுக்குக் காலை எப்ப எடுக்கோணும்னு தெரியாதா?”

“அப்ப அவளையே கேட்டுருவோம்.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “எனக்கு அந்த ஊட்டுக்குப் போற தெம்பு இல்ல மாரப்பா. நீ போய்ட்டு வா.”

எருமப்பட்டிக்குப் போனேன். பண்ணை வாசலிலேயே அவள் அப்பா மறித்துக்கொண்டார்.

“எதுக்கு வந்தீங்க?”

“அம்மிணிகிட்ட ஒண்ணு கேக்கோணுங்க. கேட்டுட்டுப் போயிடறேன்.”

“ஒரு வயசுப் புள்ளையக் கூண்டுக்குள்ள உக்கார வெச்சு வேடிக்கை பாத்தீங்க. ஒருத்தன் கால் போச்சு. இன்னும் கேக்கறதுக்கு என்ன இருக்குது?” பண்ணைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ராத்திரி தூங்க மாட்டேங்கிறா. சோறு திங்க மாட்டேங்கிறா. போங்க சாமி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

திரும்பி நடந்தேன். பின்னால் கோகிலாவின் குரல் கேட்டது. முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“என்னங்ண்ணா கேக்கோணும்?”

நான் வேறு எதையோ கேட்கத்தான் வந்தேன். வாயில் வந்தது மேஸ்திரியின் கேள்வி. “அன்னைக்கு எந்த எடத்துல பயந்த அம்மிணி?”

அவள் உடனே பதில் சொன்னாள், தினமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தவள் போல. “பிரேக்குல கால் வெச்ச உடனேங்க. பின்னாடி அட்டை அடுக்கு நகந்த மாதிரி ஒண்ணு நகந்துச்சு. ‘டக்’குன்னு.”

“வளைவுலயா?”

“இல்லீங்ண்ணா. நான் ஸ்டீரிங்கைத் திருப்பவே இல்ல. வண்டி நேராத்தான் போய்ட்டிருந்துச்சு. அப்பறம் அதுவே திரும்ப ஆரம்பிச்சிருச்சு.”

“அன்னைக்கே இதைச் சொல்லலையே?”

“யாருங்க கேட்டாங்க? காலை எடுத்தயான்னுதான் எல்லாரும் கேட்டாங்க. எடுத்தேன், அதனால எடுத்தேன்னேன்.” கையில் இருந்த அட்டையின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். “நான் எடுத்ததுனாலதான் அந்த அண்ணன் கால் போச்சுன்னு நெனச்சுட்டிருக்கறேன்.”

பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஒரு தீவன லாரியில் தொற்றிக்கொண்டு வந்தேன். மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

“நேரா இருந்துச்சுன்னா சொன்னா?”

“ஆமாங்க. ஸ்டீரிங் திருப்பறதுக்கு முன்னாடியே.”

“பிரேக்குலதான நகந்துச்சு? ஆக்சிலேட்டர்ல இல்லையே?”

“பிரேக்குலதானுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டு கையை முன்னும் பின்னும் ஆட்டினார். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது கீழ் ராடு ஆக்சிலைத் தள்ளுகிறது. பிரேக் பிடிக்கும்போது இழுக்கிறது. நாங்கள் வண்டியை நிறுத்தி வைத்தும் மெதுவாக ஓட்டியும்தான் பார்த்தோம். இழுத்துப் பார்க்கவே இல்லை.

“செயின் பிளாக்கைக் கொண்டா” என்றார். இன்ஜினைத் தூக்குகிற சங்கிலிக் கப்பி அது.

பாரம் ஏற்றிய லாரி ஒன்றைக் காருக்கு முன்னால் நிறுத்தினோம். காரின் பின்சக்கரங்களுக்கு முன்னால் கட்டை வைத்து, பிரேக்கையும் இறுக்கினோம். காரின் உடம்பை லாரியோடு செயின் பிளாக்கால் இணைத்தோம். நான் கையில் டார்ச்சோடு குழிக்குள் இறங்கினேன். ராடு மாட்டியிருக்கும் இடங்களில் எல்லாம், பிராக்கெட்டுக்கும் ஆக்சிலுக்கும் சேர்த்து, சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டேன். மேஸ்திரி மேலே நின்று செயினை இழுத்தார். கண்ணி கண்ணியாக அது ஏறும் சத்தம் மட்டும் கேட்டது. காரின் உடம்பு முன்னால் போகப் பார்த்தது, சக்கரம் விடவில்லை.

இடது பக்கம் ஒன்றும் இல்லை. வலது பக்கம் கறுப்புப் பூச்சு லேசாக இழுபட்டது. பிறகு என் சாக்பீஸ் கோடு இரண்டாகப் பிரிந்தது. மேல் பாதி ஒரு பக்கம், கீழ் பாதி ஒரு பக்கம். நடுவில் நகக்கண் அளவுக்கு வாய் திறந்தது.

“நிறுத்துங்க!”

“எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.”

“ராடா, புஷ்ஷா?”

“ரெண்டுமில்லீங்க” என்றேன். அவருக்கு அதிலேயே புரிந்துவிட்டது. செயினைத் தளர்த்தினார். வாய் மூடிக்கொண்டது. கோடு மறுபடி ஒரே கோடாகிவிட்டது. பூச்சுக்கு மேலே பார்த்தால் சத்தியமாக ஒன்றும் தெரியாது.

“நீ மேல வா. நீ இழு” என்றார். அவர் குழிக்குள் இறங்கினார். நான் இழுத்தேன், தளர்த்தினேன், மறுபடி இழுத்தேன். “இன்னொருக்கா” என்றார். எத்தனை தடவை இழுத்தேன் என்று நினைவில்லை. கடைசியில் பூச்சைச் சுரண்டிவிட்டு, மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, மேலே சாக்பீஸ் பொடியைத் தூவினார். விரிசலில் இறங்கிய மண்ணெண்ணெய் பொடியில் ஊறி ஈரக்கோடாகத் தெரிந்தது. அந்த மீன் செதில் வரிசையின் பின் ஓரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை.

நடந்தது இதுதான். ராடைக் கீழ்த் துளைக்கு இறக்கியதும் பிடிப்பு வந்தது. ஆனால் அதே காரணத்தால் பிராக்கெட்டின் வேரில் நெம்புகோல் போட்ட மாதிரி சுமை ஏறியிருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது விரிசல் திறந்து வலது சக்கரம் பின்னால் போய்விடும். ஆக்சில் கோணலாகி, வண்டியின் பின்பக்கம் வலது பக்கம் பாயும், மூக்கு தானாக இடது பக்கம் திரும்பும். இடது வளைவில் சுமை எல்லாம் வலது சக்கரத்தில்தான். கேட்க வேண்டுமா? மைதானத்தில் நான் ஓட்டிய வேகத்துக்கு அது திறக்கவே இல்லை.

குழிக்குள்ளிருந்து மேஸ்திரி வர வெகுநேரம் ஆனது. வந்ததும் கையைக் கழுவவில்லை. அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு ஓமலூருக்குப் போனார். நானும் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். முருகேசன் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தான். மேஸ்திரி அவன் கட்டில் ஓரத்தில் நின்றார். “தம்பி, உன்ற காலை ஒடச்சது அந்தப் புள்ள இல்ல. நான் ஒட்டின ஒட்டு விட்டுருச்சு” என்றார்.

முருகேசன் கையூன்றி எழுந்து உட்கார்ந்தான். “அந்தப் புள்ளகிட்ட சொல்லீட்டீங்களா?” என்றான்.

அங்கிருந்து நேராக எருமப்பட்டி. இந்த முறை அவள் அப்பா மறிக்கவில்லை, மேஸ்திரி முகத்தைப் பார்த்துவிட்டு வழி விட்டார். மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னார். கோகிலா அழுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் சிவந்தது.

“உங்க கைய நம்பித்தானுங்ண்ணா உள்ள உக்காந்தேன்” என்றாள். “இத்தனை நாளா என்ற காலையே வெட்டிப் போட்டுரலாம்னு இருந்தேன். நீங்க ஒருக்கா வந்து என்னைய என்னன்னு கேட்டிருக்கலாமில்ல?”

அவள் அப்பாதான் உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். யாரும் குடிக்கவில்லை.

மோர்த் தம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு அவள் கேட்டாள், “சரி பண்ணீட்டீங்களா?”

“இனிமேத்தான். நான் ஒட்டப் போறதில்ல, மாரப்பன் ஒட்டுவான்.”

“யாரு பாத்துச் சரின்னு சொல்றது?”

“நீ வந்து பாரு.”

வந்தாள். பழைய பிராக்கெட்டுகள் இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு, புதிதாகச் செய்து, பின்னால் முட்டுத் தகடும் வைத்து நான் ஒட்டியிருந்தேன். கறுப்புப் பூச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவளே குழியில் இறங்கினாள். மண்ணெண்ணெய், சாக்பீஸ் பொடி, செயின் பிளாக் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிச் செய்தாள். மேஸ்திரியைத்தான் செயின் இழுக்கச் சொன்னாள். “இன்னும்” என்றாள். “இன்னும்” என்றாள். லாரியே அசைகிற அளவுக்கு இழுத்தார். பிறகு மேலே வந்து, “சரிங்க” என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் தம்பியைப் பின்னால் உட்காரச் சொல்லிவிட்டு வேனைத் தானே ஓட்டிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு எங்கள் பட்டறையில் ஒருவர் ஒட்டியதை இன்னொருவர் சோதிக்காமல் வண்டி வெளியே போனதில்லை. மேஸ்திரி ஒட்டியதாக இருந்தாலும் அப்படித்தான். நான் ரிட்டையர் ஆகிற அன்று ஒட்டியதையும் ஒருத்தன் பார்த்துவிட்டுத்தான் விட்டான்.

மறுபடியும் அதே ஓமலூர் மேட்டு நிலத்தில் போட்டி வந்தது. ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கூடியிருக்கும்போது மேஸ்திரி போய் நடுவில் நின்றார். போன தடவை நடந்தது என்ன என்று, வெட்டி எடுத்த பிராக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. சொல்லிவிட்டு, பாதைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு வேலமரத்தடியில் போய் நின்றுவிட்டார். அவரால் பார்க்க முடியவில்லை.

நான் இடது வளைவுக்குப் போனேன். அங்கே முருகேசன் நின்றிருந்தான். கால் கூடிவிட்டது, நடையில் மட்டும் ஒரு இழுப்பு. கையில் கொடி.

“வேற வளைவுக்குப் போயிரு முருகேசா” என்றேன். “இல்லாட்டி இன்னும் பின்னாடியாச்சும் நில்லு.”

“இங்க இருந்தாத்தானுங்க வண்டி வர்றது நல்லாத் தெரியும்” என்றான்.

போட்டி நடத்துகிறவர்கள் இந்த முறை தடுப்பைத் தள்ளி வைத்து இரண்டு அடுக்காகப் போட்டிருந்தார்கள். இருந்தாலும் நான் போய் அதை ஒருமுறை உதைத்துப் பார்த்தேன். நான் அவன் பக்கத்திலேயே நின்றுகொண்டேன்.

கோகிலா கிளம்பினாள். இரண்டு சின்ன வளைவுகள் முடிந்து நேர்ச் சாலைக்கு வந்தாள். முன்பு போன வேகமேதான், ஒரு துளி குறையவில்லை. வண்டி எங்களை நோக்கி நேராக வந்தது. பிரேக் பிடிக்க வேண்டிய இடம் வந்துவிட்டது. அவள் பிடிக்கவில்லை. அதையும் தாண்டி வந்தாள். பிறகு முன்பக்கம் குனிந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் மண்ணில் கோடு கிழித்தது போல நேராக வந்து, அவள் திருப்பியபோது திரும்பி, அவள் மிதித்தபோது மண்ணைக் கவ்விக்கொண்டு வெளியேறின. கூம்பு ஒன்றுகூட அசையவில்லை. முருகேசன் கொடியைத் தூக்க வேண்டிய வேலையே வரவில்லை. அவன் நின்ற இடத்தைவிட்டு நகரவும் இல்லை.

ஓட்டம் முடிந்து அவள் ஹெல்மெட்டைக் கழற்றும்போது நான் பக்கத்தில் போய் நின்றேன். மேஸ்திரி இன்னும் வேலமரத்தடியில்தான் இருந்தார். அவள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் அப்போதுதான் பார்த்தேன்.

“ஏனுங் மாரப்பண்ணா,” என்றாள், “நான் பிரேக் போடறப்ப அந்தண்ணன் அசையாம நின்னாரு. நீங்க எதுக்குங்க பின்னாடி ஓடுனீங்க?”

அவள் சொல்லித்தான் நான் ஓடியதே எனக்குத் தெரிந்தது.